மூன்றாவது பாட்டு

"வாழ்த்துச் சொல்லத்தான் அண்ணை எடுத்தனான்," என்றாள் கௌரி போனில், நேரலையில். குரலில் பாகு வடிந்தது.

தமிழ் வானொலியில் செல்வரத்தினம் இந்த ஆண்டின் சிறந்த பத்து ஆல்பங்களை அப்போதுதான் அறிவித்து முடித்திருந்தார். நியூசிலாந்தின் ஓக்லாந்துத் தமிழரில் பாதிப்பேர் அதைக் கேட்கக் காத்திருப்பார்கள். மீதிப்பேர் திட்டக் காத்திருப்பார்கள்.

"சந்தோசம் தங்கச்சி. ஆனா அதென்ன பின்னால டிங் டிங் எண்டு? காது கிழியுது."

"ரயில் கேற் மணி அண்ணை. இது ஏவன்டேல். எங்கட வேலிக்கு அங்கால தண்டவாளம்."

"ஜன்னலைச் சாத்துங்கோ. சங்கீதம் கதைக்கேக்க தகரச் சத்தம்!"

கௌரி பல்லைக் கடித்துக்கொண்டு சாத்தினாள். அந்தத் தகரம் அவளுக்குப் புதிதல்ல.

சென்ற ஆண்டு இதே நிகழ்ச்சியில், அவள் மகள் ராகவி தன் அறையிலேயே பாடிப் பதிவுசெய்த ஆல்பத்துக்கு இதே மனிதர்தான் தீர்ப்புச் சொன்னார். "அரைப் பாட்டோட நிப்பாட்டிப் போட்டன். தகரக் குரல். ஏவன்டேல்ல இருந்துகொண்டு சென்னைக்கு ஆசைப்படக் கூடாது."

கோயில், கடை என்று போன இடமெல்லாம் ஆட்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ராகவி மைக்கைப் பெட்டியில் போட்டு மூடினாள். பிறகு குளியலறையில்கூட ஒரு முணுமுணுப்பு இல்லை. நியூ லின்னில் ஒரு கடையில் சப்பாத்து விற்கப் போய்விட்டாள். அந்த மனிதர் ஊரறிய வாயடைத்து நிற்க வேண்டும் என்று கௌரி பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்திருந்தாள்.

இன்று தேன் தடவிப் பேசினாள். "முதலாமிடம் ஆருக்கெண்டு திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ அண்ணை."

"மயிலாப்பூர் மீனாட்சி! புதுப் பாடகி. எனக்கெண்டு தனியா ஈமெயில்ல அனுப்பினவ. என்ன குரல்! அந்த மண்ணில பிறந்தாத்தான் வரும்."

"முழுக்கக் கேட்டனீங்களோ?"

"என்ன கதை கேக்கிறீங்கள்? ஒன்பது பாட்டையும் நாலு தரம் கேட்டனான். முப்பது வருசமாச் சங்கீதம் கேட்ட காது, ஏமாத்த ஏலாது."

"எனக்கு அந்த மூண்டாவது பாட்டு வேணும் அண்ணை. போடுவியளோ?"

"நான் சொல்ல இருந்தனான், நீங்கள் கேட்டிட்டீங்கள்! முடிவில ஒரு இடம் வரும். பாட்டு நிக்கும், தூரத்தில கோயில் மணி கேக்கும். எனக்குக் கண் கலங்கிப் போச்சு."

பாட்டு ஒலித்தது. கௌரி போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

வேலைக்குக் கிளம்ப வாசலில் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்த ராகவி நிமிர்ந்தாள். முகம் வெளிறியது. "அம்மா, வட் இஸ் திஸ்?"

கௌரி உதட்டில் விரல் வைத்தாள். ஓராண்டு பொறுத்தவளுக்கு இன்னும் ஒரு நிமிடம் பெரிதல்ல.

பாட்டு முடிந்தது. மெல்லிய மணியோசை எழுந்து, ஒலித்து, அடங்கியது. செல்வரத்தினம் மூக்கை உறிஞ்சுவது வானொலி கேட்ட அத்தனை வீடுகளிலும் கேட்டது.

"கேட்டீங்களோ நேயர்களே! இந்த மணி எந்தக் கோயில் எண்டு தங்கச்சி சொல்லட்டும் பாப்பம்."

கௌரி எழுந்துபோய் ஜன்னலை அகலத் திறந்துவிட்டு வந்தாள். அடுத்த ரயில் வரும் நேரம். டிங், டிங், டிங்.

"கோயில் இல்லை அண்ணை, இந்தக் கேற்தான். போன வருசம் இதே ஆல்பத்தை நீங்கள் அரைப் பாட்டோட நிப்பாட்டினீங்கள், மூண்டாவது பாட்டு வரைக்கும் வரேல்லை."