வராத தண்ணீர்

பரவைக்குப் பக்கத்தில் காய்ந்து கிடந்த கண்மாய்க்கரையில், கொத்தனார் தவசி படகுக் கொட்டகை கட்டி முடித்தார். தண்ணீர் வந்ததும் படகோட்டி வேலை அவருக்குத்தான் என்று காண்டிராக்டர் கிருபாகரன் வாக்குக் கொடுத்திருந்தார். சாரம் ஏற மறுத்த முழங்காலுக்கு, உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. பக்கத்துக் கண்மாயெல்லாம் நிரம்பி மறுகால் பாய, இங்கே மட்டும் படகு புழுதியில் கிடந்தது.

“சாமி குத்தமா இருக்குமோ தம்பி?” என்று கிருபாகரனிடம் கேட்டார் தவசி.

“சாமி என்னண்ணே செய்யும்? வரத்துக் கால்வாய் எங்கயோ அடைச்சிருக்கு. வாங்க, பார்ப்போம்.”

கால்வாய் வழியே வந்த தண்ணீர், கொட்டகையின் பின்சுவரில் முட்டி, வயக்காட்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

“அட கெரகமே! இடிங்கண்ணே!”

தவசி கடப்பாறையை ஓங்கி ஓங்கிப் போட்டார். சுவர் அசையவில்லை. தன் பிழைப்பாச்சே என்று, வாழ்க்கையிலேயே முதல்தடவையாக அவர் சிமெண்டைக் குறைக்காமல் கட்டிய சுவர்.