சுவரில் ஒரு கறை

கம்பி நுனியில் கொஞ்சம் கண்ணாடிக் குழம்பை எடுத்து, ஆறவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

பச்சை போய்விட்டதா, இருக்கிறதா?

தெரியவில்லை.

உலை வாயையே பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது. எல்லாமே மஞ்சளாகத் தெரிகிறது. யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை.

பச்சையை எடுக்கக் கறுப்புப் பொடி போட வேண்டும். குறைந்தால் பச்சை நிற்கும். கூடினால் ஊதா ஏறும். போன தடவை ஊதாதான். விறகு ஈரம் என்று மனைவிமேல் எரிந்து விழுந்தான். இந்தத் தடவையும் கெட்டால் கண்ணாடிக்குப் பேர்போன இந்த முரானோ தீவில் அவனை நம்பி யாரும் உலையை ஒப்படைக்க மாட்டார்கள்.

மனைவி ஓர்சோலா உலைக்குள் விறகைத் தள்ளிவிட்டு, வழக்கம்போலச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

பொடி போடும் நேரத்தில் வேலையாட்களை வெளியே அனுப்பிவிடுவான். விறகு தள்ள ஓர் ஆள் வேண்டுமே என்று மனைவியை மட்டும் வைத்துக்கொள்வான். அவளும் பார்க்கக் கூடாது. அவளுடைய அண்ணன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் சொந்தமாக உலை வைத்திருக்கிறான். பொடியின் ரகசியம் அங்கே போய்விடுமோ என்று கல்யாணமான வாரமே இவன் சொல்லிவிட்டான், திரும்பி நில் என்று.

அவள் நெற்றி சாய்ந்து சாய்ந்து சுவரின் சுண்ணாம்பில் பழுப்பாக ஒரு கறை.

அது மட்டும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

எப்படியும் ஓரக்கண்ணால் பார்த்திருப்பாள். இத்தனை வருஷம் பார்க்காமலா இருந்திருப்பாள்? அந்தச் சந்தேகத்தை அவன் ஒருநாளும் விட்டதில்லை. இன்றைக்கு என்னவோ அதுவே ஆறுதலாக இருந்தது.

அவளைக் கூப்பிட்டான். பொடிப் பையைக் கையில் வைத்தான். கண் போய்விட்டது, இனி நீதான் போட வேண்டும் என்றான்.

அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவள் முகத்தைப் பார்க்கமாட்டாமல், போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான்.

அந்தக் கறையில் நெற்றியை வைக்கக் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது.

பின்னால் பையை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

"கரித்தூள் மாதிரி இருக்கே," என்றாள் ஓர்சோலா. "இதையா போடுவீங்க?"

அவன் திரும்பவில்லை.