உள்ளங்கை

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணே. அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டுக்குங்க" என்று பாய்லர் ஆபரேட்டர் சவரியாருக்குச் சொல்லிக்கொடுத்தவள் கம்பெனி வக்கீல் கோதைநாயகிதான்.

பாய்லர் வெடிப்பு வழக்கில் சாட்சி சொல்ல உட்கார்ந்தவர் ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளங்கையை மேசைமேல் வைத்து, மூச்சு விட்டு, அப்புறம்தான் பேசினார். பாய்லரையும் அப்படித்தான் தொட்டுச் சூடு பார்ப்பாராம்.

"அது வெடிக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

கை மேசையில் இறங்கியது. மூச்சு வந்தது, பதில் வரவில்லை. டைப் அடிப்பவரின் விரல்கள் நின்றன. கேள்வி கேட்டவரே பேனாவை ஓசைப்படாமல் கீழே வைத்தார். அவள் சொல்லிக்கொடுத்தது ஒரு மூச்சளவு மௌனம். இதுவோ செத்தவர்கள் அத்தனை பேரும் உள்ளே வந்து நிற்கும் அளவுக்கு வளர்ந்துகொண்டே போனது.

இடைவேளை கேட்கலாமென்று கோதைநாயகி அதே மேசையில் கை ஊன்றி எழுந்தாள்.

மேசை சுட்டது.