மரம் தப்பித்தது

"கோஷம் போட வாய் இல்ல, தெரெரே ஊத்த மட்டும் கை இருக்கா?" என்றாள் டிக்னா.

கூட்டம் சிரித்தது. தெக்லா ஐஸ் மிதக்கும் அந்த மூலிகைத் தேநீரை அடுத்தவரிடம் நீட்டினாள்.

அசுன்சியோன் நகரின் அந்தத் தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவள் டிக்னா. எதிர் மனையில் நிற்கும் லப்பாச்சோ மரத்தை வெட்டிவிட்டு அடுக்குமாடி கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், வேலி முன்னால் முதல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவள் அவள்தான். பின்னாலேயே தெருவும் வந்து உட்கார்ந்துவிட்டது.

தெக்லா அந்த மனையின் காவல்காரி. பழைய முதலாளி காலத்திலிருந்தே பின்கோடியில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் மகளோடு இருக்கிறாள். வேலிக்குத் தினமும் வருவாள். வாயைத் திறக்க மாட்டாள். மனுவில் கையெழுத்துக் கேட்டபோதும், "யோசிச்சு சொல்றேன்க்கா" என்று நழுவிவிட்டாள்.

"புது முதலாளி நல்லா கவனிச்சிருப்பாரு போல" என்றான் ரொட்டிக்கடை அனஸ்டாசியோ, அவள் காதில் விழும்படியாகவே.

"அந்த மரத்து நெழல்லயே குடியிருந்துட்டு அதுக்கே துரோகம் பண்ண எப்படித்தான் மனசு வருதோ!" என்றாள் டிக்னா.

கடைசியில் அடுக்குமாடி கட்டும் இன்ஜினியர் ரிக்கெல்மேயே இறங்கி வந்தார். பத்திரிகைக்காரர்களும் வந்திருந்தார்கள்.

"ஒரு மரத்துக்குப் பதிலா பத்துக் கன்னு வச்சுத் தர்றோம்மா."

"பத்துக் குச்சின்னு சொல்லுங்க! நட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிடுவீங்க, மறுமாசம் காஞ்சு கருகிப்போகும். எங்களுக்கு இந்த மரம்தான் வேணும்."

"வேர் ஓடுற எடத்துல அஸ்திவாரம் தோண்ட முடியாது. கட்டடத்தையே பின்னாடி தள்ளணும்."

"தாராளமா தள்ளுங்க. யாரு வேண்டாம்னா?"

ரிக்கெல்மே தெக்லாவைப் பார்த்தார். தெக்லா டிக்னாவைப் பார்த்தாள். டிக்னா கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரம் தப்பித்தது. அன்றைக்குத் தெருவே ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதது. அனஸ்டாசியோ எல்லோருக்கும் சீப்பா என்ற சீஸ் ரொட்டியைச் சும்மாவே கொடுத்தான். மறுநாள் பேப்பரில் மரத்தைக் கட்டிப்பிடித்தபடி டிக்னா படம். அதை வெட்டித் தன் கடைச் சுவரில் ஒட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம், தூறல் விடாத ஒரு காலையில் கடையைத் திறந்தவள், எதிர் மனை வாசலில் ஒரு சின்ன லாரி நிற்பதைப் பார்த்தாள். அதில் ஒரு மெத்தை, ஒரு அடுப்பு, கால் கட்டிய இரண்டு கோழி. தெக்லாவின் மகள் பள்ளிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பின்கோடி அறைக்குக் கூரையே இல்லை. சுவர் நனைந்துகொண்டிருந்தது.

டிக்னா தெருவைத் தாண்டி ஓடினாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

"தங்கச்சி வீட்டுக்கு. இவ பள்ளிக்கூடம்தான் ரொம்ப தூரமாயிடும்."

"ஏன், இங்க என்ன ஆச்சு?"

"பின்னாடி கட்டடம் வருதேக்கா."

டிக்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு... உனக்கு இது எப்போ தெரியும்?"

"ஆரம்பத்துலயே தெரியும். மரம் போனா அறை இருக்கும், மரம் இருந்தா அறை போயிடும்னு இன்ஜினியர் சொல்லிட்டாரு."

"அடிப்பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எப்படிக்கா சொல்றது? மரத்த வெட்டட்டும்னு சொல்ல எனக்கும் வாய் வரல."

"நாங்க பேசுன பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு, அப்புறம் எதுக்குடி தினமும் வந்து நின்ன?"

தெக்லா லாரியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மரம் நின்னா உன் வீடு என்னடி ஆகும்னு, உங்கள்ல ஒருத்தராவது கேப்பீங்கன்னுதான்க்கா."