இரு பக்கப் பூட்டு

2019 மார்ச் 9, சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, டெக்சாஸில் ஒரு துப்பாக்கிக் கடையில் கோமதி என்ற பெண் கண்ணை மூடிக்கொண்டு குண்டில்லாத ரைஃபிளைக் குப்பைக்கூடைக்குள் இறக்கினாள். கூடையின் அடியில் கடைக்காரர் துண்டு விரித்திருந்தார்.

"ஏட்டி, துப்பாக்கி வாங்க வந்தியா, குப்பை கொட்ட வந்தியா?" என்றான் கணவன் லிங்கம்.

"சும்மா இருங்க. ரெண்டு தடவ வீட்டுக்கு அனுப்பினது உங்களையா, என்னையா?"

அவள் கலந்துகொள்வது மூன்று வகைத் துப்பாக்கிகளால் ஓடி ஓடிச் சுடும் போட்டி. ரைஃபிளால் சுட்டு முடித்ததும், தவறி வெடிக்காமலிருக்க விசைப்பூட்டைப் போட்டு, அதை அங்கே நிறுத்தியிருக்கும் திறந்த பீப்பாய்க்குள் வைத்துவிட்டு அடுத்த துப்பாக்கிக்கு ஓட வேண்டும். பூட்டு விழாவிட்டால் அன்றைக்கு வெளியேற்றம். கோமதி இடக்கைக்காரி, அவளுடைய பழைய ரைஃபிளில் பூட்டு வலக்கைக் கட்டைவிரலுக்கு வாகாக இருந்தது. ஆலையிலிருந்து வந்தபடியே சுட வேண்டும், எதையும் மாற்றக்கூடாது என்பது அவளுடைய பிரிவின் விதி. மூன்றாம் முறையும் வெளியேற்றினால் போட்டிப் பக்கமே வருவதில்லை என்று சொல்லியிருந்தாள்.

ஆறாவது ரைஃபிளில் பூட்டு இரு பக்கமும் இருந்தது. ஆனால் கடையில் இருப்பவற்றிலேயே அதிகம் குறி சிதறுவது அதுதான் என்றார் கடைக்காரர். கோமதி அதைப் பன்னிரண்டு தடவை கூடைக்குள் இறக்கினாள். ஒவ்வொரு தடவையும் அவர் குனிந்து பூட்டைப் பார்த்துத் தலையாட்டினார்.

"குறியில படாது, பாத்துக்கோ" என்றான் லிங்கம்.

"படாட்டி போகுது. கடைசி வரைக்கும் நிக்கணும்லா."

இரண்டு வாரம் கழித்து நடந்த போட்டியில் ஐந்து கட்டங்களையும் சுட்டு முடித்தாள். அறுபது பேரில் ஐம்பத்தெட்டாம் இடம்.