ஒன்றின் நான்கு பிம்பங்கள்

திரையில் நான்கு ஒளிப்பொட்டுகள் தெரிந்தன. "நாலுமே ஒரே கேலக்ஸிதான்," என்றாள் கயற்கொடி, ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெஞ்சமினிடம். "தூசிக்குள்ள மறைஞ்சுக்கிட்டு நட்சத்திரமா பெத்துப் போடுது. குறுக்க நிக்கிற இன்னொரு கேலக்ஸியோட எடை, அதோட ஒளிய வளைச்சு நாலு வழியா அனுப்புது. ஒண்ணாக் கெளம்பினாலும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி நெளிஞ்சு, வேற வேற நேரத்துலதான் வந்து சேரும்."

போன் ஒலித்தது. காலையிலிருந்து இது மூன்றாவது அழைப்பு. முதலில் அண்ணன், "அப்பாவுக்கு லேசா முடியல, கெளம்பி வா" என்றிருந்தான். அடுத்துச் சித்தப்பா, "பதறாம வாம்மா" என்றார். இப்போது பக்கத்து வீட்டு மரகதக்கா.

"சாப்பிட்டுட்டுக் கெளம்பு கண்ணு. இங்க இன்னிக்கு அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க."

"சரிக்கா," என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையா மேடம்?"

"நாலும் வேணும்னு இல்ல பெஞ்சமின். மூணை வச்சே அசல் என்னன்னு கண்டுபிடிச்சிடலாம்." குரல் எப்போதும்போல் இருந்தது.

டப்பாவைத் திறந்து, இட்லியைப் பிட்டு நிதானமாக மென்றாள். கவிழ்ந்து கிடந்த போன் நான்காவது முறையாக மேசையில் அதிரத் தொடங்கியபோது, டப்பாவில் இன்னும் ஒரு இட்லி இருந்தது.