அடிக்குரல்

கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில், வாத்தியமே இல்லாமல் வெறும் குரலால் பாடும் அந்த ஏழு பெண்கள் மேடையேறிய மறுநிமிடமே மைக் உயிரைவிட்டது. அரங்கம் விசிலடித்தது. "கத்துங்கடி," என்றாள் குழுத்தலைவி ஷைலஜா. போன வருடம் நடுவர்கள் 'சத்தம் போதாது' என்று கழித்துக்கட்டியதிலிருந்து அவளுக்கு வேறு மந்திரம் கிடையாது. ஆறு பேர் கத்தினார்கள். கத்தக் கத்தச் சுருதி எகிறியது, கழுத்து நரம்புகள் புடைத்தன.

அடிக்குரல் பாடும் பெனினாவுக்கு மூன்று மாதப் பயிற்சியில் தொண்டை புண்ணாகியிருந்தது. காலையில் உப்புத் தண்ணீர் கொப்பளித்தபோது எச்சிலில் இரத்தம் தெரிந்தது. அவள் கத்தவில்லை. அடிவயிறுவரை மூச்சை இழுத்து, பேசுகிற அளவுக்குக் குரலைத் தணித்தாள்.

பல்லவி முடிந்த இடைவெளியில் ஷைலஜா பல்லைக் கடித்தாள். "சத்தமா பாடுடி! மானம் போவுது."

"மாட்டேன்க்கா. வேணும்னா நீங்க என் சத்தத்துக்கு எறங்கி வாங்க."

"கேக்கல!" என்று பின்வரிசையில் எவனோ கூவினான். பெனினா அவனையே பார்த்தபடி இன்னும் மெதுவாகப் பாடினாள். அவள் குரலைப் பிடித்துத்தான் மற்றவர்கள் சுருதி சேர வேண்டும். அது காதில் விழ வேண்டுமென்றால் தங்கள் சத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும். ஒவ்வொருத்தியாகக் குரலை இறக்கினார்கள், கடைசியாக ஷைலஜாவும். ஏழு குரலும் பிசிறில்லாமல் ஒன்றாகி நின்றபோது விசில் அடங்கியிருந்தது. நடுவர் பேனாவை வைத்துவிட்டு முன்னால் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்து மைக்குக்கு உயிர் வந்தது, கொர்ரென்ற இரைச்சலோடு. பெனினா பாட்டை நிறுத்தாமலே கையை நீட்டி அதன் சுவிட்சை அணைத்தாள்.